கார் உங்களிடம், ஆர்.சி. அவர் பெயரில்: எதை முதலில் சரிசெய்வது?

பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் தனியார் பள்ளி ஆசிரியை. குடும்பம் பெங்களூரில் இருந்தபோது, 22 மாதங்களுக்கு முன், கணவருடன் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து 2018இல் பதிவான பெட்ரோல் கார் ஒன்றை 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். பணம் முழுவதும் வங்கிக் கணக்கு வழியாகவே கொடுக்கப்பட்டது. விற்றவர் படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் தேதியிடாமல் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி. அட்டையையும் சாவியையும் கொடுத்துவிட்டார். பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தபோது கணவருக்கு வேலை மாறியது. 14 மாதங்களுக்கு முன் குடும்பமும் காரும் கோவைக்கு வந்துவிட்டன. மாமனாருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருப்பதால், காரை ஒரு வாரம்கூட நிறுத்தி வைக்க முடியாத நிலை.

சென்ற மாதம் வாகனச் சோதனையில் ஒரு காவலர், கே.ஏ. எண்ணுடன் எவ்வளவு நாளாக இங்கே ஓடுகிறது என்று கேட்டு, எச்சரித்து அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு ஆளுக்கொரு யோசனை. இந்தியாவில் எங்கே பதிந்தாலும் எங்கும் ஓட்டலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மாநிலம் மாறினாலும் மாற்றத் தேவையில்லாத பி.எச். (பாரத்) வரிசை எண் வாங்கினால் பிரச்சினையே இல்லை என்கிறார் கொழுந்தனார். 45,000 ரூபாய் கொடுத்தால், விற்றவரைத் தொந்தரவு செய்யாமலே எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்கிறார் ஒரு புரோக்கர். விற்றவரோ இப்போது புனேயில் இருக்கிறார். பெங்களூரில் கார் ஓடியபோது விழுந்த அபராதங்களுக்கான குறுஞ்செய்திகள் தன் கைப்பேசிக்கே வருவதாகக் கோபித்துக்கொண்டு, வாசகியின் அழைப்புகளைச் சரியாக எடுப்பதில்லை. ஆர்.சி.யில் அவருடைய பழைய வங்கிக் கடன் பதிவும் நீக்கப்படாமல் இருக்கிறது. அந்தக் கடனை எப்போதோ அடைத்துவிட்டதாகச் சொல்கிறாராம். வாசகியின் கேள்விகள் மூன்று: தமிழ்நாட்டு எண் வாங்கியே ஆக வேண்டுமா? அப்படியானால் வரியை முழுவதும் மறுபடி கட்ட வேண்டுமா? வேலையைப் புரோக்கரிடம் ஒப்படைத்துவிடலாமா?

அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி எண் பலகையைப் பற்றியதாக இருக்கிறது. காவலர் அதைத்தான் கேட்டார் என்பதால் உங்கள் கவலை அங்கே போய் நின்றதும் இயல்புதான். ஆனால் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு எனக்குக் கவலை தருவது, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன ஒரு விஷயம்: 22 மாதங்களாக இந்தக் கார் சட்டத்தின் பார்வையில் இன்னொருவருடையதாக இருக்கிறது, காப்பீட்டையும் அவர் பெயரிலேயே இரண்டு முறை புதுப்பித்திருக்கிறீர்கள். கே.ஏ. எண்ணைத் தாமதமாக மாற்றினால் அபராதத்தோடு போகும். பெயர் மாறாமல் இருப்பது, ஒரு விபத்து நேர்ந்தால், இரண்டு குடும்பங்களைப் பல ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு அலைய வைக்கும்.

கையெழுத்துப் போட்ட படிவம் உரிமை மாற்றம் ஆகாது

படிவம் 29 என்பது காரை விற்றுவிட்டேன் என்று விற்றவர் பதிவு அதிகாரிக்குக் கொடுக்கும் அறிவிப்பு. படிவம் 30 என்பது உரிமை மாற்றத்தைப் பதியக் கோரும் விண்ணப்பம். இரண்டும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அவற்றுக்குப் பயன். உங்கள் அலமாரியில் இருக்கும் வரை அவை வெறும் கையெழுத்திட்ட தாள்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் அதிகாரிக்குத் தெரிவித்திருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் இருப்பவருக்கு விற்றால், விற்றவருக்கு 45 நாட்கள் அவகாசம் உண்டு. ஆகவே இந்தத் தவறில் இருவருக்கும் பங்கு இருக்கிறது. நீங்கள் மட்டும் குற்ற உணர்வோடு இருக்க வேண்டியதில்லை.

நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நீங்களும் உங்களுக்கு விற்றவரும் அறிந்திருக்க வேண்டும். அந்த வழக்கில் கார் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எனப் பல கை மாறியிருந்தது, ஆர்.சி.யில் மட்டும் முதல் உரிமையாளரின் பெயரே நின்றது. விபத்தில் பாதிக்கப்பட்டவர், காரை யார் யாரிடம் விற்றார்கள் என்று தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை, விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. சாலையில் அடிபட்டுக் கிடப்பவரின் பக்கம் நின்று பார்த்தால் அந்தத் தீர்ப்பின் நியாயம் விளங்கும். புனேயில் இருப்பவருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய செய்தியும் அதுதான். அபராதக் குறுஞ்செய்திகள் அவருக்கு வரும் தொல்லைகளில் மிகச் சிறியவை. பெயர் மாற்றத்தில் உங்களைவிட அவருக்குத்தான் அவசரம் அதிகம்.

காப்பீடு: நீங்கள் பாதுகாப்பு என்று நம்பியிருப்பது

தவணையை நான்தானே கட்டுகிறேன், இழப்பீட்டுக் கோரிக்கை (கிளெய்ம்) வந்தால் கொடுக்க மாட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் கார் மோதி வேறொருவர் பாதிக்கப்பட்டால் அவருக்கான இழப்பீட்டைப் பொறுத்தவரை, சட்டத்தின் 157ஆம் பிரிவு விற்பனை நாளில் நடப்பில் இருந்த காப்பீடு வாங்கியவருக்கு மாறிவிட்டதாகக் கருதுகிறது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. உங்கள் விஷயத்தில் அந்தக் காப்பீடு முடிந்து, விற்றவரே இன்னும் உரிமையாளர் என்ற விவரத்தின் பேரில் இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. நிறுவனம் தகராறு செய்ய இது இடம் கொடுக்கும்.

இரண்டாவது, உங்கள் காருக்கே ஏற்படும் சேதம். 157ஆம் பிரிவின் பாதுகாப்பு மூன்றாம் நபர் இழப்பீட்டோடு நின்றுவிடுகிறது, வாகனத்தின் சொந்தச் சேதத்துக்கு அது நீளாது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. காப்பீட்டில் பெயர் உள்ளவருக்கு இப்போது காரில் உரிமை இல்லை. உரிமை உள்ள உங்களுக்கு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லை. கோரிக்கையை நிராகரிக்க அந்த ஒரு காரணம் போதும்.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதே இல்லை. உரிமையாளர் ஓட்டும்போது உயிரிழந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு, உரிமம் வைத்திருக்கும் பதிவு உரிமையாளருக்கானது. வாரம் இருமுறை மாமனாரை அழைத்துக்கொண்டு ஓட்டுவது நீங்கள். அந்தப் பாதுகாப்பு இருப்பதோ, இந்தக் காரை இனி ஒருபோதும் ஓட்டப் போகாத ஒருவரின் பெயரில். இதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் ஆலோசனை சொன்னதாக ஆகாது.

எனவே ஆர்.சி. மாறட்டும் என்று காத்திருக்காமல், இந்த வாரமே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாங்கிய தேதி, பணம் கொடுத்த சான்று, விற்றவரின் ஒப்புதல் ஆகியவற்றை இணைத்து, காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்றக் கோருங்கள். இரண்டு புதுப்பித்தல்களிலும் கோரிக்கையில்லா ஆண்டுகளுக்கான சலுகையாக 45 சதவீதம் வரை பெற்றதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சலுகை காப்பீடு எடுத்தவரின் வரலாற்றைச் சேர்ந்தது; காரோடு கைமாறாது. வித்தியாசத் தொகையைக் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். மறைத்து மிச்சப்படுத்திய தொகை, பின்னால் கோரிக்கை வரும்போது மறுப்புக்குக் காரணமாகிவிடும்.

இனி எண்ணைப் பற்றி

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. ஒரு மாநிலத்தில் பதிந்த வாகனம் நாடு முழுவதும் செல்லும் என்று 46ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த பிரிவை அவர் படிக்கவில்லை. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வாகனத்தை வைத்திருந்தால் அந்த மாநிலத்தின் புதிய எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது 47ஆம் பிரிவு. மத்திய மோட்டார் வாகன விதிகள் அதன் பிறகு 30 நாட்கள் தருகின்றன. நீங்கள் வந்து 14 மாதங்கள் ஆகின்றன என்பதால் காலக்கெடு தாண்டிவிட்டது. எண்ணை மாற்றியே ஆக வேண்டும். தாமதத்துக்கான தொகையும் கேட்கப்படும். ஆனால் இதனால் உங்கள் பதிவு செல்லாமல் போய்விடவில்லை. கார் பதிவில்லாத கார் ஆகிவிடவில்லை. வழியில் நிறுத்தினால் பதற வேண்டாம். ஆர்.சி., நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, வாங்கியதற்கான சான்று ஆகியவற்றோடு, விண்ணப்பித்த பிறகு அதன் ஒப்புகைச் சீட்டையும் காரிலேயே வைத்திருங்கள்.

பி.எச். வரிசை உங்களுக்குப் பொருந்தாது. 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாடு, பாதுகாப்புப் படையினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை நிறுவன ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்கானது. உங்கள் பள்ளி கோவையில் மட்டும் இருக்கிறது. கணவரின் நிறுவனத்துக்கு இரண்டு மாநிலங்களில்தான் கிளை என்று எழுதியிருக்கிறீர்கள். யாராவது நிறுவனச் சான்று ஏற்பாடு செய்து தருகிறேன் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

வரியைப் பற்றிய உங்கள் பயத்துக்கு ஓரளவு ஆறுதல் சொல்ல முடியும். 2023 நவம்பருக்குப் பிறகு தமிழ்நாட்டில் புதிய கார்களுக்கு விலையைப் பொறுத்து 12 முதல் 20 சதவீதம் வரை வாழ்நாள் வரி வசூலிக்கப்படுகிறது. வேறு மாநிலத்திலிருந்து வரும் பழைய காருக்கு அந்த வீதம் அப்படியே வராது. காரின் வயது ஏற ஏற வரி குறையும். ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் கணக்கு தவறியிருக்கிறது. நீங்கள் கொடுத்த 3 லட்சத்து 40 ஆயிரத்தை வைத்து வரி போட மாட்டார்கள். கார் புதிதாக விற்கப்பட்டபோது இருந்த விலையே அடிப்படை. எனவே 2018ஆம் ஆண்டு ரசீதின் நகலை விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள். கர்நாடகத்தில் கட்டிய வாழ்நாள் வரியில் மீதிக் காலத்துக்குரிய பகுதியைத் திரும்பக் கேட்கலாம். அது தானாக வராது. இங்கே வரி கட்டிய ரசீதையும் புதிய ஆர்.சி.யின் நகலையும் வைத்து அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த வரியைக் கட்டியவர் முதல் உரிமையாளர் என்பதால், திரும்பி வரும் தொகை யாருக்கு என்பதை இப்போதே அவரோடு பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறை எந்த வரிசையில் போகும்

முதல் கட்டம் முழுவதும் கர்நாடகத்தில். பழைய கடனை அடைத்ததற்கு வங்கியிடம் சான்றும், கடன் முடிந்ததை அறிவிக்கும் படிவம் 35உம் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்க வேண்டும். கடனை அடைத்தாலே பதிவு அழிந்துவிடும் என்று விற்றவர் நினைத்திருக்கிறார், அப்படி அழியாது. வங்கி அன்று கொடுத்த சான்று கைவசம் இருந்தாலும், பழைய சான்றை அலுவலகத்தில் பெரும்பாலும் ஏற்கத் தயங்குவார்கள்; புதிதாக ஒன்று கேட்டு வாங்குவது நல்லது. அதன் பிறகு, காரை வேறு மாநிலத்தில் பதிய ஆட்சேபம் இல்லை என்னும் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28இல் விண்ணப்பம். இதைப் பதிவு உரிமையாளரின் பெயரில்தான் தொடங்க முடியும். வாகனப் பதிவுக்கான அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஓ.டி.பி. அவருடைய கைப்பேசிக்குப் போகும். விற்றவர் இல்லாமலே முடிப்பேன் என்று புரோக்கர் சொல்வதை நான் நம்பாததற்கு முதல் காரணம் இது.

நிலுவையில் உள்ள அபராதங்கள் தடையில்லாச் சான்றை நிறுத்திவிடும். கார் உங்கள் கைக்கு வந்த நாளுக்குப் பிறகு விழுந்தவை அனைத்தையும் நீங்களே கட்டிவிடுங்கள். அவரிடம் உதவி கேட்பதற்கு முன் கட்டி, ரசீதுகளை அவருக்கு அனுப்புங்கள். 22 மாதக் கோபத்தைக் குறைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. விண்ணப்பம் கிடைத்த 30 நாட்களுக்குள் அதிகாரி சான்றைத் தர வேண்டும், அல்லது காரணத்தை எழுதி மறுக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் சான்று தரப்பட்டதாகவே கருத வேண்டும் என்று 48ஆம் பிரிவு சொல்கிறது. அலுவலகத்தில் இழுத்தடித்தால் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள்.

இரண்டாம் கட்டம் கோவையில். புதிய எண்ணுக்கான படிவம் 27, உரிமை மாற்றத்துக்கான 29, 30 ஆகியவற்றோடு தடையில்லாச் சான்று, அசல் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்று, பான் விவரம், சேசிஸ் எண்ணின் பென்சில் அச்சு ஆகியவற்றைச் சேர்த்து, பெயரையும் எண்ணையும் ஒரே முயற்சியில் மாற்றக் கேளுங்கள். ஆய்வாளர் காரை நேரில் பார்ப்பார். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். தாமதத் தொகையைத் தவிர்த்துப் பார்த்தால் கட்டணங்கள் பெரிதல்ல. உண்மையான செலவு வரிதான். ஆகவே புரோக்கர் கேட்கும் 45,000 ரூபாயில் எவ்வளவு வரி, எவ்வளவு அவருக்கு என்று பிரித்துக் கேளுங்கள். வரியை நீங்களே இணையத்தில் கட்டி ரசீது எடுக்கலாம்.

புரோக்கர் சொன்ன இரண்டு யோசனைகள்

பெங்களூரில் உள்ள உறவினர் முகவரியைக் காட்டி முதலில் அங்கேயே பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்றும், விற்றவர் தேதியிடாமல் தந்த படிவங்களில் போன வாரத் தேதியைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் செய்யாதீர்கள். நீங்கள் வசிக்காத முகவரியைக் காட்டுவது அரசு அதிகாரியிடம் தரும் பொய்த் தகவல். பின்னால் அதைப் பார்த்து எழும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், புரோக்கர் அல்லர். தேதி விஷயம் இன்னும் மோசமானது. போன வாரம்தான் கார் கைமாறியது என்று காட்டினால், இந்த 22 மாதங்களில் அந்தக் கார் தொடர்பாக நடந்த அனைத்தையும் விற்றவர் தலையில் ஏற்றுகிறீர்கள். அவர் நம்பிக்கையோடு போட்ட கையெழுத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்துவதாகும் அது. வங்கிப் பரிமாற்றத்தின் தேதி உங்கள் பொய்யைக் காட்டியும் கொடுத்துவிடும். தாமதத்தை ஒப்புக்கொண்டு அதற்குரிய தொகையைக் கட்டுவதில் அவமானம் எதுவும் இல்லை.

புரோக்கரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெங்களூருக்கும் கோவைக்கும் அலைய முடியாத குடும்பத்துக்கு, காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வர ஒருவர் தேவைப்படலாம். அந்த வேலைக்கு மட்டும் அமர்த்துங்கள். அசல் ஆர்.சி.யை ஒப்புகை வாங்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

விற்றவர் ஒத்துழைக்காவிட்டால்

முதலில் கணவரைப் பேசச் சொல்லுங்கள், பழக்கம் அவருடையது. மேலே சொன்ன தீர்ப்பு, கட்டிய அபராத ரசீதுகள், அவர் செய்ய வேண்டியவற்றின் சிறு பட்டியல் ஆகியவற்றை ஒரே கடிதமாகப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அவருக்கு ஆகும் செலவு முழுவதும் உங்களுடையது என்றும் எழுதுங்கள். பெரும்பாலும் இது போதும். 30 நாட்களில் பதில் வராவிட்டால் வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால், படிவங்களில் கையெழுத்திட்டுச் சான்று பெற்றுத் தர உத்தரவிடுமாறு உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம். பணம் வங்கி வழியாகப் போயிருப்பது உங்களுக்கு வலுவான ஆதாரம். ஆனாலும் அந்த வழி நீண்டது, இந்தக் காரின் மதிப்புக்கு ஏற்றதும் அல்ல. அந்த நிலை வந்தால், காரை அவர் வழியாகவே வேறொருவருக்கு விற்றுவிட்டு இங்கே பதிந்த கார் ஒன்றை வாங்குவதையும் யோசியுங்கள்.

கடைசியாகச் சில சிறு வேலைகள். புதிய எண் கிடைத்ததும் உயர்பாதுகாப்பு எண் பலகை பொருத்தி, காப்பீட்டிலும் ஃபாஸ்டேகிலும் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். ஃபாஸ்டேக் இன்னும் விற்றவர் பெயரில் இருந்தால் அதை மூடிவிட்டு உங்கள் பெயரில் புதிதாக வாங்குங்கள். விற்றவரிடம் இந்த முறை படிவங்களை வாங்கும்போது, கார் உங்களிடம் வந்த உண்மையான தேதியை அவர் கையாலேயே எழுத வையுங்கள். தேதியிடாத பழைய படிவங்களை அவருக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்; நகலும் வைத்துக்கொள்ள வேண்டாம்.